நீ கேட்ட பட்டியல்

ஆறுமுகநேரி
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் முத்துவுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நானும் அப்பாவும் நல்ல சுகம். உங்கள் சுகம் தினமும் போனில் தெரிகிறது என்றாலும், காகிதத்தை எடுத்தால் அதைக் கேட்காமல் எனக்கு ஆரம்பிக்க வராது. பாப்பாவுக்கு இருமல் விட்டதா? மருமகளுக்கு வேலையில் அலைச்சல் குறைந்ததா?

நீ அனுப்பிய வீடியோவை அப்பாவும் நானும் திரும்பத் திரும்பப் பார்த்தோம். பழைய விளம்பரங்களை யாரோ ஒன்றாகக் கோத்திருக்கிறார்கள். நிர்மா பாப்பா வெள்ளைக் கவுனோடு சுற்றுகிறாள். நரசுஸ் காபிக்கு 'பேஷ் பேஷ்' சொல்கிறார்கள். குழந்தை அழுதால் வுட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர் கொடுக்கச் சொல்லி அம்மாவுக்கு அம்மா, அவளுக்கு அம்மா என்று போய்க்கொண்டே இருக்கிறது. அப்பா எல்லாவற்றுக்கும் கூடவே பாடினார். அதன் கீழே நீ எழுதியிருந்தாய்: "அம்மா, உங்க காலத்து டிவி நிகழ்ச்சி, கார்ட்டூன், விளம்பரம் எல்லாத்துக்கும் ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்க. தேடி எடுத்துப் பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுறேன்."

பட்டியல் போடத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒரு நிகழ்ச்சியின் பெயரை எழுதியதும் அதன் பக்கத்தில் ஓர் ஆளின் பெயரும் வந்து நின்றது. அந்த ஆளை விட்டுவிட்டு நிகழ்ச்சியை மட்டும் நீ தேடி எடுத்தால் பாப்பாவுக்கு ஒன்றும் கிடைக்காது என்று பட்டது. அதனால் பட்டியலை ஓரம் வைத்துவிட்டுக் கடிதமாகவே எழுதுகிறேன். நீளமாகப் போகும். ஆற அமரப் படி.

மெட்ராஸில் தூர்தர்ஷன் 1975 ஆகஸ்டிலேயே வந்துவிட்டது. அந்த அலை நம் ஊரை எட்டாது. நமக்கு முதலில் கிடைத்தது கடலுக்கு அந்தப் பக்கத்து டிவி. 1982 பிப்ரவரி 15 அன்று இலங்கையில் ரூபவாஹினி தொடங்கியது. ஜப்பான் உதவியோடு கட்டிய நிலையம். அதன் பெரிய கோபுரம் இலங்கையிலேயே உயரமான பிதுருதலாகல மலையில் இருந்தது, 2,524 மீட்டர் உயரம். மலை அவ்வளவு உயரம், இடையில் கிடப்பது கடல். ராமேஸ்வரம் தொடங்கி நம் கரை நெடுக, டிவி வைத்திருந்தவர்கள் எல்லாம் ஆன்டெனாவைத் தென்கிழக்காகத் திருப்பிக் கட்டினார்கள். தென்னை உயரத்துக்கு இரும்புக் குழாய், அது சாயாமல் இருக்க நாலு பக்கமும் இழுவைக் கம்பி, கூடவே பூஸ்டர். ஆடிக் காற்று வந்தால் ஆன்டெனா தானாகத் திரும்பிவிடும். படம் போய் வெறும் புள்ளிகள்தான் தெரியும்.

பங்குனி, சித்திரையில் சாயங்காலம் படம் கண்ணாடி மாதிரி இருக்கும். ஏன் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாக இருக்க, அதற்கு மேலே சூடான வறண்ட காற்று மூடி போட்டாற்போல் படிந்தால், மேலே தப்பிப் போகிற அலை வளைந்து கடலோடு தவழ்ந்து வெகுதூரம் வரும் என்று நீ இன்ஜினியரிங் படிக்கும்போது விளக்கினாயே, அதுதான். ஆச்சி அந்த நாட்களை "கடல் நல்லா இருக்கு" என்பாள். மீன்காரர்கள் சொல்கிற அதே பேச்சு.

எங்கள் தெருவில் முதல் டிவி உப்பளக்கார அண்ணாச்சி வீட்டில்தான். மரப்பெட்டி, இழுத்துச் சாத்துகிற கதவு, அதற்கு ஒரு பூட்டு. ரேடியோவுக்குப் போலவே அதற்கும் தபால் ஆபீசில் வருடா வருடம் லைசன்ஸ் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அந்தக் கட்டணத்தை நீக்கினார்கள். ரூபவாஹினி கலரில் ஒளிபரப்பானது. நாங்கள் பார்த்தது கருப்பு வெள்ளை. திண்ணையில் பெரியவர்கள், முற்றத்தில் நாங்கள், முன்வரிசையில் ஒரே ஒரு நாற்காலி. அது கொழும்புத் தாத்தாவுக்கு.

அவரை நீ பார்த்ததில்லை. நமக்குச் சொந்தமில்லை, பக்கத்து வீடு. சின்ன வயதிலேயே கப்பலேறிக் கொழும்பு புறக்கோட்டையில் ஒரு கடையில் நின்றவர். நம் பக்கத்தில் அப்படிப் போய்வந்த குடும்பங்கள் எத்தனையோ உண்டு. சிங்களம் அவருக்குத் தமிழ் மாதிரி. ரூபவாஹினியில் தமிழ்ச் செய்தியும், எப்போதாவது தமிழ்ப் படமும் வரும். மற்றதெல்லாம் பெரும்பாலும் சிங்களம்தான். நாடகம் ஓட ஓட அவர் தமிழில் சொல்லிக்கொண்டே வருவார். வெறுமனே மொழிபெயர்க்க மாட்டார். "இவ மாமியாக்காரி. வாயில தேன் வடியுது பாரு, உள்ள என்ன நெனைக்கான்னு நாளைக்குத் தெரியும்" என்று முன்கூட்டியே எச்சரிப்பார். மலிபன் பிஸ்கட் விளம்பரம் வந்தால் கதையை நிறுத்திவிட்டு, அந்தக் கடை எந்தத் தெருவில், பக்கத்தில் யார் கடை என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார். கொழும்புக்கு நான் போனதே இல்லை. ஆனாலும் புறக்கோட்டையில் என்னை இறக்கிவிட்டால் வழி கேட்காமல் நடப்பேன் என்று இன்றும் ஒரு நம்பிக்கை உண்டு.

அப்புறம் 1983 ஜூலை வந்தது. கொழும்பில் தமிழர்களின் கடைகளையும் வீடுகளையும் எரித்த வாரம். நம் ஊரில் பல வீடுகளுக்கு அங்கே சொந்தம் இருந்தது. யாருக்கும் தகவல் இல்லை. அண்ணாச்சி வீட்டில் கதவைத் திறந்து டிவியைப் போட்டு வைத்தார்கள். எங்காவது ஒரு தெரு தெரியாதா, தெரிந்த ஒரு கடைப் பலகை தெரியாதா என்று எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். 28ஆம் தேதி ஜனாதிபதி ஜெயவர்தன டிவியில் பேசினார். வீட்டையும் உயிரையும் இழந்த தமிழர்களுக்கு அந்தப் பேச்சில் ஓர் ஆறுதல் வார்த்தைகூட இல்லை என்பது இன்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. எங்களுக்கு அன்று தெரியாது. "என்ன தாத்தா சொல்லுதாரு?" என்று கேட்டோம். அவர் வாய் திறக்கவில்லை. மறுபடி கேட்டோம். எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். ரொம்ப நாளைக்கு அந்த நாற்காலி காலியாகத்தான் கிடந்தது. நாடகம் ஓடும், யாராவது அழுவார்கள், எதற்கு என்று எங்களுக்குத் தெரியாது.

அவரைத் திரும்பக் கூட்டி வந்தது ஒரு முயல். பக்ஸ் பன்னி தெரியும்தானே? கேரட்டைக் கடித்துக்கொண்டு வருமே. ரூபவாஹினியில் அது சிங்களம் பேசியது. அங்கே கார்ட்டூன்களைச் சிங்களம் பேச வைத்தவர் டைட்டஸ் தொடவத்த என்ற திரைப்பட இயக்குநர் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். இலங்கையில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அவர் கொடுத்த பேச்சோடுதான் வளர்ந்திருக்கிறார்கள். எங்களுக்கோ ஒரு சொல்லும் புரியவில்லை. பிள்ளைகள் கூட்டமாகப் போய்த் தாத்தாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தோம். அவர் வந்து உட்கார்ந்தார், கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். அப்புறம் முயல் வேட்டைக்காரனிடம், "என்னலே, இந்தப் பக்கம்?" என்றது. முற்றமே சிரித்தது. சிங்களத்தில் அது உண்மையில் என்ன சொன்னதோ, யாருக்குத் தெரியும்! என்னைப் பொறுத்தவரை அந்த முயல் ஆறுமுகநேரிக்காரன்தான்.

இந்த முயலை நீ எந்தத் தளத்தில் தேடி எடுப்பாய்?

1984 வாக்கில் ஊர் ஊராகச் சின்னச் சின்ன ஒளிபரப்புக் கோபுரங்கள் முளைத்தன. இன்சாட்-1பி செயற்கைக்கோள் வழியாக டெல்லியிலிருந்து வருவதை வாங்கி அப்படியே சுற்றி 25 கிலோமீட்டர் அளவுக்குக் கொடுப்பவை. வந்தது டெல்லி நிகழ்ச்சி, அதாவது இந்தி. நம் தமிழ்நாட்டில் இந்தியை எதிர்த்து எவ்வளவு நடந்திருக்கிறது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை 9:30க்குத் தெரு வெறிச்சோடிப் போனது. 1987 ஜனவரி 25லிருந்து அடுத்த வருடம் ஜூலை வரை ராமாயணம். அப்போது நம் வீட்டிலும் ஒரு டயனோரா டிவி வந்துவிட்டது. உன் தாத்தா தவணையில் வாங்கியது. ஆச்சி அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ராமன் வரும்போது கற்பூரம் காட்டுவாள்.

நீ பெரிய ஆச்சி என்று கூப்பிடுவாயே, அவள்தான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ராமாயணம் முழுக்கத் தெரியும். பாவைக்கூத்திலும் கோயில் கதையிலும் கேட்டுக் கேட்டு ஏறியது. உன் மாமா இந்திப் பிரச்சார சபையில் பிராத்மிக், மத்யமா எல்லாம் எழுதி முடித்திருந்தான். அதனால் அவன்தான் அர்த்தம் சொல்லுவான் என்று முதல் வாரம் ஏற்பாடு. அவன் ஒரு வரியைப் புரிந்துகொண்டு சொல்வதற்குள் அங்கே நாலு வரி போய்விடும். அடுத்த வாரம் ஆச்சி, "நீ சும்மா இருடா" என்று சொல்லிவிட்டுத் தானே எடுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில், ராமனாக நடித்த அருண் கோவில் ஆச்சியின் குரலில்தான் பேசினார்.

ஒரு காலை நன்றாக நினைவிருக்கிறது. ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு போகிற காட்சி. டிவியில் அவன் அவளைத் தொட்டு இழுக்கிறான். ஆச்சிக்கு வந்ததே கோபம்! "தொடலட்டி! அவன் தொடவே இல்ல. குடிசையோட, அது நின்ன மண்ணோடல்ல பேத்து எடுத்துட்டுப் போனான்!" என்று டிவியைப் பார்த்தே சத்தம் போட்டாள். அது கம்பன் சொன்ன கதை. சீதையின் மேல் விரல் படாதபடி நிலத்தோடு பெயர்த்து எடுத்தான் என்று கம்பன் வைத்ததைத்தான் நம் ஊர்ப் பாவைக்கூத்தும் வைத்திருந்தது. டெல்லியிலிருந்து வந்த படம் வேறு ஒன்றைக் காட்டியது. மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தான். ஆச்சி விடவில்லை. அன்று முழுக்க அடுக்களையில் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்குப் பள்ளிக்கூடத்தில் கம்பராமாயணம் சொல்லித்தந்தார்கள், மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் கம்பன் எதற்காக அப்படி எழுதினான் என்பது என் மனதில் ஏறியது அந்த அடுக்களையில்தான்.

பிறகு 1988 அக்டோபர் 2 முதல் மகாபாரதம். அதற்கும் ஆச்சிதான். திரௌபதியின் சேலையை இழுத்த வாரம் அவள் எதுவுமே பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கொடைக்கானல் மலையில் பெரிய கோபுரம் வந்தபின் மெட்ராஸ் நிகழ்ச்சிகளும் நமக்குக் கிடைத்தன. ஆன்டெனாவை வடக்கே திருப்பினோம். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிறு சாயங்காலம் தமிழ்ப் படம், வயலும் வாழ்வும், எதிரொலி, செய்தியில் ஷோபனா ரவி. படம் நடுவில் நின்றால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று ஒரு அட்டை. இதெல்லாம் உன் சித்தப்பா, அத்தைமார் யாரைக் கேட்டாலும் மணிக்கணக்காகச் சொல்வார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். காணாமல் போனவர்கள் பற்றிய அறிவிப்பு என்று ஒன்று போடுவார்கள். ஒரு மங்கலான புகைப்படம், வயது, உயரம், போகும்போது போட்டிருந்த சட்டையின் நிறம், பேசும் மொழி. மற்றவர்கள் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போவார்கள். ஆச்சி மட்டும் டிவிக்குக் கிட்டத்தில் போய் உட்காருவாள். திருச்செந்தூர் சஷ்டிக் கூட்டத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு நடக்கும்போது, எதிரே வருகிற பிள்ளைகளின் முகத்தை நின்று நின்று பார்ப்பாள். "டிவியில காட்டுனாம்லா, அந்தப் பையன் மாதிரி இருக்காம்டி." ஒரு தடவைகூட அவள் யாரையும் கண்டுபிடித்ததில்லை. ஆனாலும் ஒரு கூட்டத்தில்கூட அவள் பார்க்காமல் இருந்ததில்லை.

அந்தக் காலத்து டிவி எல்லாமே தங்கம் என்று நான் சொல்ல மாட்டேன், முத்து. மந்திரி ரிப்பன் வெட்டுவதையே கால் மணி நேரம் காட்டுவார்கள். நாடகத்தில் ஒரே சோபா, ஒரே திரைச்சீலை. இன்று பாப்பா பார்க்கிற படங்களில் எவ்வளவு நிறம், எவ்வளவு அறிவு! அது அவளுக்குக் கிடைத்திருப்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

விளம்பரங்களில்கூட நீ எல்லாவற்றையும் காட்ட வேண்டாம். லிரில் விளம்பரத்தைக் காட்டு. அந்தப் பெண் குளிக்கிற அருவி நம் கொடைக்கானலில் இருக்கிற பாம்பார் அருவி. இப்போதும் அதை லிரில் அருவி என்று சொல்கிறார்கள். பாப்பா இங்கே வரும்போது கூட்டிப் போகலாம். ஹார்லிக்ஸை அப்படியே சாப்பிடுகிற பையனைக் காட்டு. ரீகல் சொட்டு நீலம் பாட்டைக் காட்டு, அவள் கட்டாயம் ஆடுவாள். ஆனால் கருப்பான பெண்ணுக்கு வேலை கிடைக்காது, மாப்பிள்ளை கிடைக்க மாட்டான், கிரீம் பூசி வெளுத்தால் எல்லாம் கிடைக்கும் என்று வருமே, அந்த விளம்பரங்கள் ஒன்றும் வேண்டாம். பழசு என்பதற்காகச் சிரித்துக்கொண்டுகூடக் காட்டாதே. உன் அத்தை அதைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் கண்ணாடி முன்னால் நின்றாள் என்று எனக்குத் தெரியும். பாப்பா என் நிறம். அவள் படிக்கிற பள்ளியில் அந்த நிறத்தில் எத்தனை பிள்ளைகள் இருப்பார்களோ எனக்குத் தெரியாது. அந்த நிறம் அழகு என்று மட்டும்தான் அவள் நம் வீட்டில் கேட்க வேண்டும்.

உன்னிடம் இதுவரை சொன்னதே இல்லை, நீ இருக்கிற நாட்டு ஜனங்களை நான் முதலில் பார்த்ததும் தூர்தர்ஷனில்தான். டெலிமேட்ச் என்று ஒரு நிகழ்ச்சி. மேற்கு ஜெர்மனியின் ஊர்கள் ஒன்றோடொன்று மோதும் விளையாட்டுப் போட்டி. பெரிய பொம்மை உடுப்பை மாட்டிக்கொண்டு, வழுக்குகிற மேடையில் வாளியில் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், விழுவார்கள், எழுந்து மறுபடி ஓடுவார்கள். ஊர் முழுக்கக் கூடி நின்று கைதட்டும். பெரியவர்கள் இப்படி விழுந்து புரண்டு விளையாடுவதை நம் ஊரில் பொங்கலுக்குக் கூட நான் பார்த்ததில்லை. ஆச்சி அதையும் விட்டு வைக்கவில்லை. "நம்ம வழுக்கு மரம் மாதிரிதாம்டி, அங்க குளுருல்லா, அதான் உடுப்பு பெருசா இருக்கு" என்றாள். உனக்கு டோர்ட்மண்டில் வேலை கிடைத்தது என்று நீ சொன்ன அன்று, எல்லோரும் அங்கே குளிர் எப்படி, சாப்பாடு எப்படி என்று கேட்டார்கள். எனக்குப் பயமே வரவில்லை. அந்த ஜனங்கள் விழுந்தால் சிரித்துக்கொண்டே எழுவார்கள் என்று எனக்கு முன்னமே தெரியும்.

இப்போது உன் காலத்துக்கு வருகிறேன். உனக்கு இது நினைவிருக்கிறதா என்று பார். 1995க்கு மேல் கேபிளில் கார்ட்டூன் நெட்வொர்க் வந்தது. சன் டிவியில் மர்மதேசம், அதில் விடாது கருப்பு வந்த நாட்களில் குதிரைச் சத்தம் கேட்டாலே நீ என் முந்தானைக்குள் வந்துவிடுவாய். ரேடியோவில் இலங்கையிலிருந்து குரலாக மட்டும் கேட்ட அப்துல் ஹமீதைப் பாட்டுக்குப் பாட்டில் முகத்தோடு பார்த்து நான் பூரித்துப் போனதும் அந்தக் காலம்தான். அப்போது பெரிய ஆச்சிக்குக் கண் முற்றிலும் போய்விட்டது. அவள் டிவி பக்கம் வருவதை நிறுத்தியிருந்தாள். நீதான் அவளைச் சுவரோரம் உட்கார வைத்து டாம் அண்ட் ஜெர்ரி போடுவாய். அதில் பெரும்பாலும் பேச்சே கிடையாது, வெறும் வாத்தியமும் சத்தமும்தான். நீ சொல்லுவாய்: "பூனை கதவுக்குப் பின்னாடி நிக்குது ஆச்சி. கையில உலக்கை. எலி பாக்கல. ஐயோ, பாத்துருச்சு!" அவள் பொக்கை வாயைத் திறந்து சிரிப்பாள். ஞாயிறு மதியம் சக்திமான் சுழன்றால் நீயும் கூடத்தில் சுழன்றுகொண்டே அவளுக்குக் கதை சொல்லி, தலைசுற்றி அவள் மடியிலேயே விழுவாய். உனக்கு அப்போது ஏழு வயது. முப்பது பேருக்கு ராமாயணம் சொன்னவளுக்கு நீ எலிக் கதை சொல்லிக்கொண்டிருந்ததை அடுக்களை வாசலில் நின்று எத்தனையோ மதியம் பார்த்திருக்கிறேன். ஆச்சியிடமிருந்து அது நேரே உன்னிடம் வந்துவிட்டது என்று அப்போதே அப்பாவிடம் சொன்னேன்.

2020இல் ஊரடங்கின்போது ராமாயணத்தை மறுபடி போட்டார்களே. ஏப்ரல் 16 அன்று மட்டும் 7.7 கோடிப் பேர் பார்த்ததாகத் தூர்தர்ஷன் சொன்னது. அந்தக் கோடிகளில் நானும் அப்பாவும் உண்டு. அருண் கோவில் பேசினார், சீதையாக வந்த தீபிகா பேசினார், எல்லாம் தெளிவாகக் கேட்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் காட்சிகளில் ராமன் என்ன பேசினான் என்று எனக்கு வரி வரியாகத் தெரியும் என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தேன். எனக்குத் தெரிந்தது ஆச்சி பேசியது. அது எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டு, "நீ சொல்லு" என்றார். சொன்னேன். தட்டுத் தடுமாறித்தான் வந்தது. ராவணன் வந்த நாளில் குடிசையையும் மண்ணையும் பெயர்த்து எடுத்தேன்.

ஆக, பட்டியலுக்குப் பதிலாக நான் கேட்பது இது. பாப்பா ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்க்கிறாளே, ஆரஞ்சு நிற எலியும் குட்டி நீல யானையும் வருகிற நிகழ்ச்சி. 1971லிருந்து நடக்கிறது, உன் ஆபீஸ்காரர்களே அதைப் பார்த்து வளர்ந்தவர்கள்தான் என்று சொன்னாயே. போன மாதம் வீடியோ காலில் அவள் போனைத் திருப்பிக் காட்டியபோது கவனித்தேன், அந்த எலி பேசவே இல்லை. கண் இமையைத் தட்டுகிறது, டக் டக் என்று சத்தம் வருகிறது, அவ்வளவுதான். எனக்கு ஜெர்மன் தெரியாது, பாப்பாவுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வருகிறது. எங்கள் இருவருக்கும் இதைவிடத் தோதான ஒன்று எங்கே கிடைக்கும்?

அங்கே காலை, இங்கே மதியம். நான் சமையலை முடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவேன். போனை டிவிக்கு எதிரே, படம் முழுக்கத் தெரிகிற மாதிரி, எதன் மேலாவது சாய்த்து வை. பாப்பா என் பக்கத்தில் இருப்பதுபோல் அவள் முகமும் ஓரத்தில் தெரியட்டும், அதற்கு வேறொரு போன் வேண்டுமென்றால் மருமகளுடையதைக் கேள். எலி வரும்போது டிவி சத்தத்தைக் குறைத்துவிடு. நான் தமிழில் சொல்லுகிறேன். எலி என்ன நினைக்கிறது, யானை ஏன் கோபித்துக்கொண்டது, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். நடுவில் பொருள்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று காட்டுகிற பகுதி வருமே, அதில் பேச்சு இருக்கிறது, அதை அவள் எனக்குச் சொல்லட்டும். தப்பாகச் சொன்னாலும் நீ குறுக்கே வந்து திருத்தாதே. அவளுக்கு வருகிற தமிழில் சொல்லட்டும்.

நிர்மா, லிரில் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வருகிற ஞாயிறே ஆரம்பிக்கலாமா என்று மருமகளிடம் கேட்டு எனக்குச் சொல். கருப்பட்டியும் சுக்கும் பார்சல் கட்டி வைத்திருக்கிறேன், அப்பா திங்கட்கிழமை தபால் ஆபீசுக்குப் போகிறார். இருமலுக்கு இரண்டையும் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்துக் கொடு.

அன்புடன்,
அம்மா